ஹெல்மெட் போட்டால் போதுமா? பொருந்தவும் வேணும்!

சிங்கப்பூரில் 2019 பிப்ரவரி 1 முதல், சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் அணிவது கட்டாயம். நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் மட்டும் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் நம்மில் பலர், "இதோ இருக்கிற தேக்கா வரைக்கும்தானே, ஹெல்மெட் எதுக்கு?" என்று கேட்கிறோம். போட்டாலும் வாரைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறோம்.

பொறியியல் மாணவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது தலை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் கனமான எந்தப் பொருளும் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். நாம் மெதுவாகப் போனாலும் சரி, நடைபாதையில் போனாலும் சரி, அந்த உயரம் குறையாது.

ஹெல்மெட்டின் உள்ளே தெர்மகோல் மாதிரி ஒரு நுரை இருக்கிறது. அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. அதே வேகத்தில் வரும் தலை 2 மில்லிமீட்டருக்குள் நிற்பதற்கும் 20 மில்லிமீட்டரில் நிற்பதற்கும் சராசரி விசை பத்து மடங்கு வித்தியாசம். ஆனால் மோதும் நொடியில் அந்த நுரை தலைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கணும். ஹெல்மெட் நழுவிப்போனால் என்ன பயன்?

அதனால் இப்படிச் சரிபாருங்கள்:

1. புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்த சென்டிமீட்டர் அளவுக்கு ஏற்ற ஹெல்மெட் வாங்குங்கள்.

2. நேராக வையுங்கள். புருவத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி போதும். பின்னால் சாய்த்துப் போட்டால் நெற்றிக்குப் பாதுகாப்பே இல்லை.

3. பின்பக்கத் திருகைச் சுற்றி இறுக்குங்கள். வாரைப் பூட்டாமல் குனிந்து தலையை ஆட்டினாலும் ஹெல்மெட் விழக்கூடாது.

4. இரண்டு பக்க வார்களும் காதுக்குச் சற்றுக் கீழே ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சேரணும்.

5. தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாரைப் பூட்டுங்கள். வாயைப் பெரிதாகத் திறந்தால் ஹெல்மெட் லேசாகக் கீழே இழுபடணும்.

தங்கைகளே, உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. கழுத்துப் பக்கமாகத் தாழ்த்திப் பின்னிக்கொள்ளுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். நசுங்கிய நுரை பழையபடி வேலை செய்யாது. முன்பு அடிபட்டதா என்று தெரியாத பழைய ஹெல்மெட்டையும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. தேக்காவுக்குச் சைக்கிளில் வரும் தொழிலாளர் அண்ணன்மார்களை நாம் பார்க்கிறோம். ஊரில் ஒரு குடும்பமே அவர்களை நம்பி இருக்கும். அடுத்த முறை வார் தொங்குவதைப் பார்த்தால், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று கேட்டு, எப்படிப் பூட்டுவது என்று சொல்லிக்கொடுங்கள். தொண்டு செய்ய அந்த ஒரு நிமிஷம் போதும்.