கறுப்பு வெள்ளை: ஃபிலிமுக்கு நிழல், சென்சாருக்கு வெளிச்சம்

2012-இல் லைக்கா எம் மோனோக்ரோம் கேமரா வந்ததிலிருந்து, நிறமே பதியாத சென்சாரா, ஸ்கேன் செய்த ஃபிலிமா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. இரண்டிலும் அருமையான படம் எடுக்கலாம். ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றில் காட்டும்போதுதான் படம் கெடுகிறது.

செய்ய வேண்டியவை

• மோனோக்ரோம் சென்சாரில் வெளிச்சமான இடத்தை அளந்து எடுங்கள். வண்ணக் கேமராவில் சிவப்பு வெளுத்தாலும் பச்சையிலும் நீலத்திலும் மிஞ்சியதை வைத்து ஒப்பேற்றலாம். இங்கே அந்த வசதி கிடையாது. வெயிலில் வெள்ளை வேட்டியின் மடிப்பு ஒருமுறை வெளுத்தால் போனதுதான். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டினால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். நிழல் இருண்டு தெரியட்டும், பிறகு தூக்கிக்கொள்ளலாம். நிறப் புள்ளிகள் எழாது, நுண்மணல் போன்ற இரைச்சல்தான் வரும்.

• ஃபிலிமில் நேர்மாறு: நிழலை அளந்து எடுங்கள். டிரை-எக்ஸும் ஹெச்பி5 பிளஸும் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். நிழலில் பதியாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது.

• மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர்கள் இரண்டுக்குமே வேண்டும். மோனோக்ரோம் கோப்பில் நிறத் தகவல் இல்லாததால், வானத்தை மட்டும் பிறகு கறுக்க வைக்கும் சுலப வழி கிடையாது. சிவப்பு ஃபில்டர் சுமார் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும்.

செய்யக்கூடாதவை

• வெள்ளி நெகட்டிவை ஸ்கேன் செய்யும்போது அகச்சிவப்பு தூசி நீக்கியைப் போடாதீர்கள். வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால், படத்தையே தூசி என்று எண்ணி அழிக்கும். புளோயரால் ஊதிவிட்டு ஸ்கேன் செய்வதே நல்லது. சாயத்தால் உருவாகும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் போன்ற ஃபிலிமுக்கு மட்டும் அகச்சிவப்பு நீக்கி உதவும்.

• ஸ்கேனரிலேயே ஷார்ப்னெஸ் ஏற்றாதீர்கள், கிரெயின் முரடாகும். 16 பிட்டில் சேமியுங்கள்.

• பிக்சலை எண்ணித் தீர்ப்பு சொல்லாதீர்கள். 35 மி.மீ. நெகட்டிவை 4000 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 2.1 கோடி பிக்சல். எம்11 மோனோக்ரோமில் 6 கோடி. விவரம்தான் முக்கியமென்றால் சென்சாரை எடுங்கள். கிரெயின் பிடித்தால் ஃபிலிமையே போடுங்கள், சென்சார் படத்தில் செயற்கையாகத் தூவ வேண்டாம்.

• ஸ்கேன் முடிந்ததென்று நெகட்டிவைத் தூக்கிப்போடாதீர்கள். ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிம் நெகட்டிவ்கள் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றை ஈரம் படாமல், சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நல்ல ஸ்கேனர் கிடைக்கும்போது மறுபடி ஸ்கேன் செய்யலாம்.