அயல்நாட்டுப் பணமும் பதினோர் எழுத்தும்

ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் மகன், ஊரிலிருக்கும் தாயாரின் கணக்குக்குப் பணம் அனுப்ப முற்படும்போது, பாஸ் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும், உள்நாட்டுப் பரிமாற்றத்துக்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையே அயல்நாட்டுப் பரிமாற்றத்துக்குரிய ஸ்விஃப்ட் குறியீடென்று எண்ணி எழுதிவிடுவது சர்வசாதாரணமாக நிகழும் பிழை. 1973-ஆம் ஆண்டில் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடி பெல்ஜியத்தில் ஸ்தாபித்த ஸ்விஃப்ட், பணத்தைச் சுமந்து செல்வதன்று. இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க என்னும் கட்டளையை மட்டும் கொண்டு சேர்ப்பது. ஆதலால் விலாசம் சுத்தமாக இருத்தல் அவசியம்.

முதலாவதாக, குறியீட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கிக்குரிய ‘எஸ்பிஐஎன்-ஐஎன்-பிபி’ என்பதில் முதல் நான்கெழுத்து வங்கியையும், அடுத்த இரண்டு தேசத்தையும், கடைசி இரண்டு ஸ்தலத்தையும் குறிக்கும். கிளைக்குரிய மூன்றெழுத்தும் சேர்ந்தால் பதினொன்று. ஐ.எஃப்.எஸ்.சி.யும் பதினோர் எழுத்தே. ஆயினும் அதன் ஐந்தாம் இடத்தில் எப்போதும் பூஜ்யம் நிற்கும், ஸ்விஃப்டிலோ அவ்விடத்தில் தேசத்தின் எழுத்து தொடங்கும்.

இரண்டாவதாக, எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் குறியீடு கிடையாதாகையால், அந்நியச் செலாவணியைத் தாயாரின் கிளைக்காக எந்தக் கிளை பெறுகிறதென்று அவரது வங்கியில் விசாரித்து அதன் குறியீட்டை எழுதி, ஐ.எஃப்.எஸ்.சி.யைப் பெறுநர் விவரத்தில் சேர்க்க வேண்டும். ஜெர்மனியில் 22 எழுத்துள்ள ஐபான் என்னும் சர்வதேசக் கணக்கு எண் இந்தியாவில் வழக்கில் இல்லை. கணக்கு எண்ணே போதும்.

மூன்றாவதாக, பெயர் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை விரித்துத் தந்தை பெயராக்கினாலோ, முன்னிருப்பதைப் பின்னே தள்ளினாலோ, பெயர் ஒவ்வவில்லையென்று பணம் நின்றுவிடக்கூடும்.

நான்காவதாக, கட்டணம் யாருடையது என்று தீர்மானிக்க வேண்டும். ‘அவர்’ (OUR) என்றால் முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு. ‘ஷா’ (SHA) என்றால் இருவரும் பகிர்வது. ‘பென்’ (BEN) என்றால் பெறுபவர் தலையில் விழுவது. நோக்கம் கேட்டால், குடும்பப் பராமரிப்புக்குரிய பி1301 என்று எழுதலாம்.

ஐந்தாவதாக, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். தாமதமானால், பணம் எந்த வங்கியில் தங்கியிருக்கிறதென்று தேட உதவுவது யூ.இ.டி.ஆர். என்னும் 36 எழுத்துத் தொடரே.

இத்தனைக்கும் முன்பாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு: தாயாரைத் தொலைபேசியில் எண்களை வாசிக்கச் சொல்லாமல், பாஸ் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுதல். பூஜ்யமும் ‘ஓ’ என்னும் எழுத்தும் வாய்ச்சொல்லில் ஒன்றாகவே ஒலிப்பதுண்டு.