கிளர்ச்சியை எதிர்கொள்ளும் நாடு எந்த விமானத்தை வாங்கலாம்?

உள்நாட்டுக் கிளர்ச்சியோடு மல்லுக்கட்டும் நாட்டில் பணம் குறைவு, அவசரம் அதிகம். விற்க வருபவர்களோ ஜெட் போர் விமானத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். எதிரியிடம் விமானமே இல்லாத போரில் ஒலியை மிஞ்சும் வேகத்தால் பெரிய பயன் இல்லை. கொள்முதல் குழு இந்த வரிசையில் யோசிப்பது நல்லது.

1. வேலையைப் பட்டியலிடுங்கள்

கண்காணிப்பு, படையினரை ஏற்றி இறக்குவது, காயம்பட்டவர்களை மீட்பது ஆகியவை அன்றாட வேலை. தாக்குதல் இடையிடையே வருவது. பட்ஜெட்டையும் அதே வரிசையில் பிரியுங்கள்.

2. முதலில் கண்காணிப்பு

செஸ்னா காரவன், கிங் ஏர் போன்ற சிவில் விமானங்களில் அகச்சிவப்புக் கேமரா பொருத்தினாலே மணிக்கணக்கில் வட்டமிட்டுப் பார்க்கலாம். உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். கேமராவோடு வரைபடமும் சரியாக இருக்க வேண்டும். 2017 ஜனவரி 17 அன்று நைஜீரிய விமானப்படை, போர்னோ மாநிலத்தின் ரான் ஊரில் இருந்த இடம்பெயர்ந்தோர் முகாம்மீது குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடம் முகாம் என்று உரியபடி குறிக்கப்படவில்லை என்பதே ராணுவம் பிறகு சொன்ன காரணம். முகாம், பள்ளி, சந்தை எல்லாவற்றையும் குறித்து, அடிக்கடி திருத்தும் பிரிவு ஒன்றை விமானம் வருமுன்பே அமையுங்கள்.

3. ஹெலிகாப்டரை உங்கள் மலையில் சோதியுங்கள்

உயரமும் வெப்பமும் கூடினால் காற்று மெலியும், தூக்கும் எடை குறையும். ஆப்கானிஸ்தானில் ரஷ்ய மி-17க்குப் பதிலாக பிளாக் ஹாக் வந்தபோது, உயரமான இடங்களில் பழைய மி-17தான் மேல் என்று தெரிந்தது. விற்பனையாளரின் அட்டவணையை நம்பாமல், கோடை நண்பகலில், முழுச் சுமையோடு பறக்கவிட்டுப் பாருங்கள்.

4. தாக்குதலுக்கு மெதுவான விமானம்

கொலம்பியா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் வாங்கியது பிரேசிலின் சூப்பர் டுகானோவை. ஒற்றை டர்போபிராப் எஞ்சின், இறக்கைகளில் இரண்டு 12.7 மி.மீ. துப்பாக்கிகள். செப்பனிடாத ஓடுபாதையிலும் இறங்கும். இரண்டு இருக்கை வகையையே கேளுங்கள்: முன்னால் இருப்பவர் ஓட்ட, பின்னால் இருப்பவர் கேமராத் திரையிலேயே கண் வைத்து, கீழே இருப்பவர் யார் என்று பார்க்கலாம். விமானி அறைக்குக் கவசம், ஏவுகணையைத் திசைதிருப்பும் வெப்பச் சுடர்கள் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

5. பழுதுபார்ப்பது யார்?

யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை இங்கேதான் தொடங்கும். ஆப்கன் விமானப்படைக்காக அமெரிக்கா 20 பழைய ஜி-222 சரக்கு விமானங்களைப் புதுப்பித்துக் கொடுத்தது. உதிரிபாகமும் பராமரிப்பும் இல்லாமல் அவை முடங்கின. சுமார் 50 கோடி டாலர் செலவான திட்டத்தில் 16 விமானங்கள் 2014இல் காபூலில் உடைக்கப்பட்டு, ஏறத்தாழ 32,000 டாலருக்குப் பழைய இரும்புக் கணக்கில் போயின. உங்கள் மெக்கானிக்குகளே பெரும்பாலான வேலையைச் செய்ய முடியாத விமானம் வேண்டாம்.

6. மொத்த விலையைப் போடுங்கள்

நைஜீரியா 12 சூப்பர் டுகானோ வாங்கிய ஒப்பந்தம் 50 கோடி டாலர் அளவில் வந்தது. ஆயுதம், உதிரிபாகம், பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். கைன்ஜி தளத்தில் கட்டுமானமும் செய்ய வேண்டியிருந்தது. ஓடுபாதை, ஹேங்கர், வெடிபொருள் கிடங்கு ஆகியவற்றின் செலவையும் சேர்த்த தொகையே உண்மையான விலை.

7. தரையில் இருப்பவரையும் பழக்குங்கள்

2017 மே 31 அன்று பிலிப்பைன்ஸின் மராவி நகரில் எஸ்எஃப்-260 விமானத்தின் குண்டு குறி தவறிச் சொந்தப் படையினர்மீதே விழுந்தது. விமானிக்கு இலக்கைச் சொல்லித் தரும் தரைப்படை வீரர்களுக்குப் பயிற்சியும், வானொலிக் கருவியும், வழிகாட்டும் குண்டும் ஒரே ஒப்பந்தத்தில் வரவேண்டும்.

இந்த ஏழும் முடிந்தபின் பணம் மிஞ்சினால் ஜெட்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, அதே தொகைக்கு இன்னும் எத்தனை மீட்பு ஹெலிகாப்டர்கள் வாங்கலாம் என்பதே.