ஓசோன் மாசும் எம்.எஸ். நோயும்: தெரிந்தது எவ்வளவு, செய்யத்தக்கது என்ன?

கோடை தொடங்கியதும் எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. “நேற்று நண்பகலில் வெளியே அழைத்துச் சென்றேன், இன்று கால் மரத்துவிட்டது என்கிறாள். காற்றில் உள்ள மாசுதான் காரணமா? நான் அழைத்துச் சென்றிருக்கக் கூடாதா?” இவ்வாறு கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், உடன் வந்திருக்கும் தாயோ, கணவரோ, மனைவியோதான். காற்றைப் பற்றிய ஐயத்தோடு, தம்மால்தான் இது நேர்ந்ததோ என்ற வேதனையும் அக்கேள்வியில் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் இக்கட்டுரையில் விடை தர முயல்கிறோம்.

நோயைப் பற்றிச் சில சொற்கள்

தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் குறிப்பிடப்படும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்குவதால் உண்டாவது. மின்கம்பியின் மேல் உள்ள காப்புறை போல நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் உறை உண்டு. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகிய இடங்களில் அந்த உறை சிதைவதால் பார்வை மங்குதல், மரத்துப்போதல், தள்ளாட்டம், மிகுந்த சோர்வு போன்றவை தோன்றுகின்றன. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பாதிக்கிறது. பாரிஸ் நகர மருத்துவர் ழான் மார்டின் ஷார்கோ 1868இல் இதனைத் தனியொரு நோயாக விளக்கினார்.

நோயாளிகள் பலரிடம் இந்நோய் அலைபோல் வருகிறது. சில நாட்களோ வாரங்களோ அறிகுறிகள் தீவிரமடைகின்றன. பின்னர் முழுமையாகவோ ஓரளவோ தணிகின்றன. அவ்வாறு புதிதாக எழும் தாக்குதலை மறுதாக்கம் என்கிறோம்.

இந்நோய் எவருக்கு வரும் என்பதை ஒரே காரணம் முடிவு செய்வதில்லை. மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, அவ்வைரஸ் தொற்றிய பின்னர் எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. ஆயினும் உலகில் வயது வந்தோருள் மிகப் பெரும்பாலோருக்கு அவ்வைரஸ் தொற்றியே இருக்கிறது. அவர்களுள் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. எனவே வேறு காரணிகளும் துணை சேரவேண்டும். புகைபிடித்தல், வைட்டமின் டி குறைவு, இளம்பருவ உடற்பருமன் ஆகியவை அவற்றுள் நன்கு அறியப்பட்டவை. காற்று மாசும் அந்த வரிசையில் சேருமா என்பதே இப்போது ஆராயப்படுகிறது.

ஓசோன் ஒன்று, இடங்கள் இரண்டு

ஓசோன் என்றதும் நம் நினைவுக்கு வருவது வானில் உள்ள பாதுகாப்புப் படலம். அது தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் நின்று சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதே வாயு நாம் மூச்சு விடும் உயரத்தில் இருக்கும்போது நுரையீரலுக்குத் தீங்கு செய்கிறது. மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுதான் இரண்டு இடத்திலும் உள்ளது. இருக்கும் இடம்தான் வேறு. இவ்வாயுவை 1840இல் அறிவித்தவர், பாசல் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் ஷோன்பைன். அதன் கூரிய மணத்தைக் கருதி, மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்.

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேராக வெளிவருவதில்லை. வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், வண்ணப்பூச்சு முதலியவற்றிலிருந்து எழும் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து அதனை உருவாக்குகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கண்ணெரிக்கும் மூடுபுகை இவ்வாறே பிறக்கிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் கண்டறிந்தார்.

இந்த வேதியியலிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, வெயில் கடுமையாக உள்ள மாதங்களில் ஓசோன் மிகும். இரண்டாவது, ஒரே நாளில் முற்பகலில் ஏறத் தொடங்கி, பிற்பகலில் உச்சமடைந்து, பொழுது சாய்ந்ததும் குறையும். மூன்றாவது, வாகனப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை அழிக்கவும் வல்லது. ஆகையால் நெரிசலான சாலையைவிட, காற்று வீசும் திசையில் உள்ள புறநகரிலும் கிராமத்திலும் ஓசோன் கூடுதலாக இருப்பதுண்டு. மரங்கள் சூழ்ந்த அமைதியான இடம் என்பதனாலேயே பிற்பகல் காற்று தூயது என்று முடிவு செய்துவிட முடியாது.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் காட்டியது

பிரான்சின் கிழக்கெல்லையில், ரைன் ஆற்றின் கரையில், இருபுறமும் மலைத்தொடர்கள் நிற்கும் பள்ளத்தாக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் உள்ளது. அங்கு 2000 முதல் 2009 வரை 424 எம்.எஸ். நோயாளிகளுக்கு நேர்ந்த 1783 மறுதாக்கங்களை ஆய்வாளர்கள் தொகுத்தனர். அவர்களின் முடிவு 2018இல் வெளியாயிற்று.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஒரு நோயாளியை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடேயே ஒப்பிட்டனர். மறுதாக்கம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய நாட்களில் அவர் வாழ்ந்த பகுதியின் காற்று எப்படி இருந்தது, மறுதாக்கம் இல்லாத அண்மை நாட்களில் எப்படி இருந்தது என்று பார்த்தனர். வயது, மரபணு, புகைப்பழக்கம் ஆகியவை அந்தச் சில வாரங்களில் மாறுவதில்லை. ஆகவே அவை கணக்கைக் குழப்புவதில்லை.

குளிர்காலத்தில் காற்றில் மிதக்கும் நுண்துகள்களோடும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெப்பக்காலத்தில் ஓசோனோடும் மறுதாக்கங்கள் தொடர்பு கொண்டிருந்தன. ஓசோன் மிகுந்த நாட்களை அடுத்து மறுதாக்கம் தொடங்கும் வாய்ப்பு சிறிதளவு கூடியிருந்தது. அது சிறிய உயர்வே என்பதை மறக்கலாகாது. ஓசோன் மிகுந்த எத்தனையோ நாட்கள் எந்த மறுதாக்கமும் இன்றிக் கடந்து சென்றன.

மூச்சிலிருந்து மூளைக்கு வழி உண்டா?

நாம் மூச்சில் இழுக்கும் ஓசோன் மூளையைச் சென்று அடைவதில்லை. மூச்சுப்பாதையின் ஈரப்படலத்தைத் தொட்டவுடனேயே வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. ஆனால் அவ்வினையில் பிறக்கும் பொருள்கள் நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகின்றன; அழற்சியின் சமிக்ஞைகள் இரத்தத்தில் கலக்கின்றன.

இங்கே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்ட உண்மை நினைவுகூரத் தக்கது. மூளையைத் தாக்கவல்ல டி அணுக்கள் நேராக மூளைக்குள் நுழைவதில்லை. முதலில் நுரையீரலில் தங்கி, அங்கே ஆயத்தமான பின்னரே மூளைக்குள் புகுகின்றன என்று 2012இல் அவர்கள் காட்டினர். நுரையீரலில் வாழும் நுண்ணுயிர்களின் நிலை மாறினால் மூளையின் அழற்சியும் மாறுகிறது என்பதை 2022இல் மேலும் விளக்கினர். புகைபிடித்தல் எம்.எஸ். நோய்க்கு ஏன் துணைபோகிறது என்பதும் இதனால் ஓரளவு புரிகிறது. ஓசோனும் அதே வாயிலைத் தட்டக்கூடும். எனினும் எலியிடம் கண்டதை மனிதரிடம் அப்படியே பொருத்திவிடலாகாது.

தொடர்பு வேறு, காரணம் வேறு

மறுதாக்கத்தைத் தூண்டுவது ஒன்று. நோயையே தோற்றுவிப்பது மற்றொன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 20 முதல் 40 வயது வரையான மக்களை 2001 முதல் 2013 வரை பின்தொடர்ந்த பேராய்வு, நீண்டகால மாசுக்கும் எம்.எஸ். புதிதாகத் தோன்றுவதற்கும் தொடர்பு காணவில்லை. அதில் ஓசோனும் ஆராயப்பட்டது. மறுபுறம், அமெரிக்கச் சிறார்களிடம் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ஓசோன் மிகுந்த சூழலையும் எம்.எஸ். நோய்க்கு இடம்கொடுக்கும் ஒரு மரபணு வகையையும் சேர்த்துப் பார்த்தது. இரண்டும் ஒருங்கே அமைந்தபோது ஆபத்து கூடுவதற்கான அடையாளங்கள் அதில் தென்பட்டன. ஆய்வுகள் இவ்வாறு வேறுபடுவது அறிவியலின் குறையன்று. கேள்வி இன்னும் திறந்திருக்கிறது என்பதன் அறிகுறியே அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசோனை உண்டாக்கும் அதே வெயில்தான் வெப்பத்தையும் கூட்டுகிறது. நம் தோலில் வைட்டமின் டி உருவாகவும் அதுவே உதவுகிறது. ஒரே நாளில் மூன்றும் சேர்ந்து மாறும்போது, எது எதனைச் செய்தது என்று பிரித்தறிவது எளிதன்று.

வெப்பத்தால் வருவதா, மறுதாக்கமா?

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு இப்போது வருகிறோம். உடல் சூடேறும்போது, ஏற்கெனவே பழுதுபட்ட நரம்பிழைகள் செய்தியைக் கடத்தத் திணறுகின்றன. பழைய அறிகுறிகள் தலைதூக்குகின்றன. இதனை 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் விவரித்தார். உடல் குளிர்ந்ததும் இது தணிந்துவிடும். நரம்பில் புதிய சேதம் எதனையும் இது உண்டாக்குவதில்லை.

காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில், புதிய அறிகுறி தோன்றியோ பழையது தீவிரமடைந்தோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது மறுதாக்கமாக இருக்கலாம். மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் மறுதாக்கம் போலவே தோன்றச் செய்யும் என்பதால், அவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நடைப்பயிற்சியையும் வெளிவேலைகளையும் காலை வேளையில், வாகன நெரிசல் இல்லாத தெருக்களில் வைத்துக்கொள்ளலாம். வெயில் கடுமையான நாட்களில் நண்பகல் முதல் மாலை வரை கடும் உடலுழைப்பைத் தவிர்க்கலாம். வேகமாக மூச்சு வாங்கும்போது ஓசோனும் மிகுதியாக உட்செல்கிறது. வெப்பத்தைத் தவிர்ப்பதற்கும் இதே நேர ஒழுங்கு உதவுவதால், ஓசோன் பற்றிய ஐயம் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிசியோதெரபி பயிற்சியை நிறுத்தலாகாது. பிற்பகலில் வீட்டுக்குள் செய்யலாம். ஓசோன் மிகுந்த வேளையில் ஜன்னல்களை மூடிவைத்து, மாலையில் திறந்துவிடலாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். அதில் கணக்கிடப்படும் எட்டு மாசுப்பொருள்களுள் ஓசோனும் ஒன்று. இந்தியத் தரநிலையின்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஓசோன் இருக்கலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறிய எட்டு மணி நேர அளவும் இதுவே.

என்95 முகக்கவசம் தூசியையும் நுண்துகளையும் தடுக்கும். ஓசோன் வாயுவைத் தடுக்காது. வைட்டமின் டி குறித்து அஞ்சுவோர் நண்பகல் வெயிலில் நின்று உடலை வருத்த வேண்டாம். இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் மருத்துவர் குறிக்கும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எவரும் புகைபிடிக்காதிருப்பது, ஓசோனைப் பற்றிய எந்த முன்னெச்சரிக்கையைவிடவும் உறுதியான பயன் தருவது.

எச்சரிக்கை ஒன்று

காற்றைத் தூய்மையாக்கும் என்று கூறி ஓசோனை வெளியிடும் கருவிகள் விற்கப்படுகின்றன. தீங்கு செய்யும் வாயுவை வீட்டுக்குள்ளேயே உண்டாக்குபவை அவை, வாங்க வேண்டாம். காற்றுச் சுத்திகரிப்பான் தேவையென்றால், ஓசோனை வெளியிடாத, ஹெப்பா வடிகட்டி உள்ள கருவியைத் தேர்ந்தெடுங்கள். எம்.எஸ். நோயை ‘ஓசோன் சிகிச்சை’யால் குணப்படுத்துவதாகச் சொல்வோரையும் நம்ப வேண்டாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதி, ஓசோனை மருத்துவப் பயன் அறியப்படாத நச்சு வாயு என்றே குறிப்பிடுகிறது. இத்தகைய பேச்சைக் கேட்டு, வழக்கமாக எடுத்துவரும் மருந்தை நிறுத்துவது பெரும் ஆபத்து. மறுதாக்கங்களைக் குறைப்பதில் அம்மருந்துகளின் பயன் உறுதியாக நிறுவப்பட்டுள்ளது.

இறுதியாக, உடனிருந்து பராமரிப்போருக்கு ஒரு சொல். நீங்கள் நேற்று வெளியே அழைத்துச் சென்றதால்தான் இன்று இது நேர்ந்தது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. தனியொருவரின் ஒரு மறுதாக்கத்துக்கு ஒரு நாளின் காற்றைக் காரணம் காட்ட எவராலும் இயலாது. நகரத்தின் காற்றைத் தூய்மையாக வைத்திருப்பது அரசுக்கும் சமூகத்துக்கும் உரிய கடமை. அந்தச் சுமையை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். வெளியே செல்லும் நேரத்தைச் சற்று மாற்றுங்கள். வெளியே செல்வதையே விட்டுவிடாதீர்கள். காலைக் காற்றில் இருவரும் சேர்ந்து நடக்கும் அரைமணி நேரம் உடலுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. ஐயம் எழுந்தால், அடுத்த முறை வரும்போது எங்களிடம் தயங்காமல் கேளுங்கள்.