வாங்கும் முன் அந்த எண்ணைப் பார்

அன்புள்ள கதிர்,

ஃபோட்டோஷாப் தவழ்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்குக் காசை எடுக்காதே. நீ செய்துகொண்டிருக்கும் கல்யாண ஆல்பத்தைத் திற. திரையின் அடியில் இடது ஓரத்தில் கோப்பின் அளவு தெரியும். அதன் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி 'எஃபிஷியன்சி'யைத் தேர்ந்தெடு. அரைமணி நேரம் வழக்கம்போல் வேலை செய்துகொண்டே அந்த எண்ணைக் கவனி. 100 சதவீதத்திலேயே நின்றால் ரேம் போதுகிறது, கோளாறு வேறெங்கோ. 80, 70 என்று இறங்கினால், ரேமில் இடமில்லாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது.

ஏன் இடம் பற்றவில்லை? 12க்கு 36 அங்குலத் தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி. 3,600ஐ 10,800ஆல் பெருக்கு: கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். தாளை நிறைக்கும் ஒரே லேயர் 117 எம்.பி.! 16 பிட் என்றால் இரண்டு மடங்கு. ஜேபெக் கோப்பு 15 எம்.பி.தானே என்று எண்ணாதே. அந்தச் சுருக்கம் டிஸ்க்கில் இருக்கும்வரைதான். திறந்ததும் முழுசாக விரிந்துவிடும். அப்படிப் பத்து லேயர் ஏறினாலே ஒரு ஜி.பி. தாண்டிவிடும். போதாததற்கு 'ஹிஸ்டரி' வேறு 50 படிகளைக் காத்துவைக்கிறது. தாள் முழுக்க ஒரு ஃபில்டர் போட்டால் அந்த ஒரு படியே இன்னொரு லேயர் அளவு இடம் பிடிக்கும். ஹிஸ்டரியை 20 படிகள் ஆக்கிவிடு, போதும்.

ரேம் வேலை மேசை. ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் எழுதிவைக்கும் இடமான ஸ்கிராட்ச் டிஸ்க் பரண். மேசை நிறைந்தால் சாமானைப் பரணில் ஏற்றி இறக்கியாக வேண்டும். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்.பி. ஏற்றி இறக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. 500. நல்ல என்.வி.எம்.இ. 3,000ஐத் தாண்டும்.

ஒரு வரவேற்புக்கு முந்தின ராத்திரி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் இருந்த சி டிரைவையே ஸ்கிராட்சுக்கும் விட்டிருந்தேன். பேனரை சேவ் பண்ணப் போனால், ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நின்றுவிட்டது. டிரைவில் 3 ஜி.பி.தான் மிச்சம். நாலு மணி நேர வேலை போய், விடிய விடிய மறுபடி செய்தேன். ஆகவே ஸ்கிராட்சுக்கென்று தாராளமாக இடம் விடு. தனி எஸ்.எஸ்.டி. இருந்தால் மிக நல்லது. ஆனால் தனியாக இருக்கிறதே என்று பழைய ஹார்டு டிஸ்க்கைக் காட்டிவிடாதே; அதைவிட விண்டோஸ் இருக்கும் எஸ்.எஸ்.டி.யே மேல். பென்டிரைவ் பேச்சே வேண்டாம்.

எண் இறங்கினால் ரேம் வாங்கு. ஆல்ப வேலைக்கு 32 ஜி.பி. என்பது என் கணக்கு. ஒற்றை 32 வேண்டாம், 16ஆக இரண்டு போடு. இரண்டு வழியாகவும் தரவு ஓடும். ஃபோட்டோஷாப் இயல்பாக 70 சதவீத ரேமை எடுத்துக்கொள்ளும். 75, 80 என்று படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம். 100 வைத்தால் விண்டோஸுக்கு மூச்சு முட்டி, அதுவும் டிஸ்க்குக்கு ஓடும்.

லைட்ரூமும் வைத்திருந்தால், அதன் கேட்டலாகும் பிரிவியூவும் எஸ்.எஸ்.டி.யில் இருந்தால் போதும். ரா படங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணைக் குறித்து எனக்கு அனுப்பு. ரேம் கடைக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா