வண்டி நின்றாலும் ரேஸ் குறையவில்லையா?

நம் உறுப்பினர்களில் பலர் பழைய ஆம்னி, மாருதி 800, ஜென், சான்ட்ரோ போன்ற வண்டிகளையே இன்றும் சரக்கு போடவும் வசூலுக்குப் போகவும் வைத்திருக்கிறோம். மாருதி 800 உற்பத்தி 2014-லும், ஆம்னி உற்பத்தி 2019-லும் நின்றுவிட்டன. ஆயினும் மீஞ்சூர் கடைத்தெருவிலும் பழவேற்காடு மீன் ஏலக்களத்திலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவ்வண்டிகளுக்கு வயதான காலத்தில் வரும் ஒரு வியாதி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் என்ஜின் சத்தம் இறங்காமல் ரேஸிலேயே நிற்பது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வகையை இங்கே விளக்குகிறோம்.

சத்தம்தானே என்று விட்டுவிடக் கூடாது. சிறிய என்ஜின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். சுற்று ஏற ஏற அதுவும் ஏறும். கடை கடையாக நின்று சரக்கு இறக்கும் வண்டிக்கு இது தினசரி நஷ்டம். பிரேக்கை மிதித்தாலும் என்ஜின் வண்டியை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். மூட்டை ஏற்றிய வண்டி சந்தைக் கூட்டத்தில் போகும்போது இதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பு கார்புரேட்டர் இருந்த காலத்தில் ஸ்குரூ டிரைவரால் ஒரு திருகு திருகினால் ஐடிலிங் இறங்கிவிடும். 2000 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் வந்ததை ஒட்டி நம் கார்கள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. மேல்நாட்டில் இது முன்னமே வந்துவிட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-லேயே ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு மின்னணு இன்ஜெக்‌ஷனைக் கொடுத்தது. அதற்கும் அமெரிக்காவின் புகைச் சட்டமே தூண்டுகோல்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலை அளந்து கொடுப்பது கம்ப்யூட்டர் பெட்டி. அதை நம் கடைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இடத்தை விட்டு எழுந்து வந்து எதையும் பார்ப்பதில்லை. சென்சார்கள் என்னும் பையன்கள் கொண்டுவரும் சிட்டையைப் பார்த்தே பட்டுவாடா செய்வார். மாருதி வண்டிகளில் உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்பதை மேனிபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறார். எங்காவது ஓட்டை வழியாகக் கள்ளக் காற்று நுழைந்தால் அழுத்தம் ஏறும். காற்று அதிகம் வந்துள்ளது என்று நம்பி அதற்கேற்ற பெட்ரோலையும் விடுவார். என்ஜின் ரேஸ் ஆகிறது. ஆகவே பெட்டியை மாற்று என்று மெக்கானிக் சொன்னவுடன் தலையாட்ட வேண்டாம். பெரும்பாலும் கணக்குப்பிள்ளை மேல் குற்றமில்லை.

முதலில் வியாதி இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த என்ஜின் ஒன்றிரண்டு நிமிடம் வேகமாக ஓடுவது இயற்கை. ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை சூடாக்கி, ஏ.சி.யையும் விளக்குகளையும் அணைத்துவிட்டுக் கவனியுங்கள். அப்போது 800, 900 சுற்றளவில் நிற்க வேண்டிய வண்டி 1,300, 1,500 என்று நின்றால்தான் கோளாறு. உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும்.

அடுத்து செலவில்லாத சோதனை. தரை மிதியடி ஆக்ஸிலேட்டர் மிதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? கேபிளில் சிறிது தளர்ச்சி இருக்கிறதா, அல்லது வீணைக் கம்பி போல் விறைத்திருக்கிறதா? என்ஜினை அணைத்து, ஏர் பில்டர் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். த்ராட்டில் தகடு கார்பன் ஒட்டி முழுதும் மூடாமல் நின்றால் துடைத்தாலே தீரும். அங்கே பெயின்ட் வைத்த ஒரு சிறு ஸ்குரூ இருக்கும். அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அதைத் திருகினால் ஐடிலிங் கெடுவதோடு சென்சாரின் கணக்கும் கெடும்.

இனி முக்கியமான சோதனை. என்ஜின் ஓடும்போது, த்ராட்டில் வாயில் ஐடிலிங் காற்றுக்கென உள்ள சிறு துவாரத்தை விரலால் அடையுங்கள். சத்தம் சட்டென்று இறங்கினாலோ என்ஜின் நின்றுபோனாலோ, மிகுதிக் காற்று ஐடில் வால்வு வழியாக வருகிறது என்று பொருள். இறங்கவில்லை என்றால் காற்றுக்கு வேறு வழி இருக்கிறது.

வேறு வழி என்றால் ரப்பர் ஓஸ்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். துணி சுற்றிய கட்டிங் பிளையரால் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது சத்தம் இறங்குகிறதோ அந்தத் தடத்தில் ஓட்டை. மேனிபோல்ட் கேஸ்கட்டின் மேல் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் என்ஜின் ஓட்டம் சற்று மாறும். பிளக் வயர்களில் படாமல் தெளிக்க வேண்டும். சில பட்டறைகளில் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். சுடும் சைலன்சர் பக்கத்தில் இருக்கும்போது இது கொலைக்குச் சமம், தடுத்துவிடுங்கள்.

நம் கடை ஆம்னிக்கு இந்த ரேஸ் வந்தபோது நகரத்துப் பட்டறை ஒன்றில் த்ராட்டில் பாடியை முழுதாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை எழுதிக் கொடுத்தார்கள். பணம் கட்டுமுன் நம்மூர் மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஓஸ்களை அழுத்தச் சொன்னோம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஓஸ் மேனிபோல்ட் ஓரத்தில் வெடித்திருந்தது. செலவு ஒரு ஓஸும் இரண்டு கிளிப்பும். ஆனால் அந்த ஓஸ் முழுதும் கிழிந்திருந்தால் பிரேக் மிதி கல்லாகியிருக்கும். அன்றைய தினம் பதினைந்து மூட்டை அரிசியோடு வண்டி பழவேற்காடு போக இருந்தது.

ஆகவே ரேஸ் ஏறிய வண்டியில் பிரேக்கையும் சோதியுங்கள். என்ஜினை அணைத்து நான்கைந்து முறை மிதித்து, காலை மிதியிலேயே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த வண்டியை அன்று வெளியே அனுப்பாதீர்கள்.

ஐடில் வால்வு என்று தெரிந்தால், கழற்றிக் கிளீனர் ஸ்பிரேயால் கார்பனைக் கழுவினால் பாதி வண்டிகள் சரியாகும். கழுவியும் சரியாகாவிட்டால், வால்வைத் திறந்து வைக்கச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். என்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கணக்குப்பிள்ளை நம்பினால் சூடாக்குவதற்காகத் திறந்தே வைப்பார். கூலண்ட் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினாலும் இதே கதைதான். சூடு பார்க்கும் சென்சாரை மீட்டரில் பார்த்தால் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். சூடான பின்பும் ஆயிரக்கணக்கில் காட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

நம் பக்கத்து மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். கார்புரேட்டர் வண்டியில் அது பெரிதாகத் தெரியாது. இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல், நாள் முழுதும் ரேஸும் பெட்ரோல் செலவும் அதிகமாகும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதை அவசியம் விசாரியுங்கள்.

நம் பகுதிக்கே உரிய கடைசிக் காரணம் உப்பு. ஏரிக்காற்றும், ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் மீன் தண்ணீரும் வயர் முனைகளைப் பச்சைப் பூத்துப்போகச் செய்கின்றன. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் வயர் அரித்துவிட்டால் எல்லாப் பையன்களும் தப்பான சிட்டையே கொண்டுவருவார்கள். பேட்டரி மின்சாரம் குறைந்தாலும் பெட்டி தானாகவே ரேஸை ஏற்றும். எர்த் போல்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மேலே சிறிது வாசலின் தடவி இறுக்குங்கள். கடலோரம் சரக்கு போடும் வண்டிக்கு மழைக்கு முன் ஒருமுறையும் தை பிறந்ததும் ஒருமுறையும் இதைச் செய்தால் போதும்.