செடானா, குடும்பக் காரா? வாங்குமுன் ஒப்பிடுவோம்

நடுத்தர செடானையும் ஏழு இருக்கைக் குடும்பக் காரையும் ஒப்பிடுகையில், இருக்கைகளை மட்டும் எண்ணுதல் போதாது. ஹோண்டா சிட்டியில் ஐவர் அமரலாம். பெட்டிகள் வைக்க 506 லிட்டர் இடம் உண்டு. மாருதி எர்டிகாவில் எழுவர் அமரலாம். ஆனால், மூன்றாம் வரிசையை மடக்காதபோது பின்னால் எஞ்சுவது 209 லிட்டரே. எழுவரும் சேர்ந்து பயணிப்பது ஆண்டில் எத்தனை நாள் என்பதைக் கணக்கிடுங்கள்.

அடுத்தது விலை. ஷோரூம் விலையை விடுத்து, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்த மொத்த விலையை ஒப்பிடுங்கள். 9 விழுக்காடு வட்டியில் 10 லட்சம் ரூபாய்க் கடனை ஐந்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 20,760 ரூபாய்; ஏழாண்டு எனில் 16,090 ரூபாய். தவணை குறைகிறது, மொத்த வட்டியோ சுமார் 1.06 லட்சம் ரூபாய் கூடுகிறது. தவணை சிறிதாகத் தெரிவதால் பெரிய காரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.